வீட்டிலேயே பொழுதுபோக்காகத் தோல் பர்ஸ் செய்யப் பழகலாமா? கிட் வாங்கலாமா, எதிலிருந்து தொடங்குவது? வீட்டில் ஒத்துக்கொள்வார்களா?

தாராளமாகப் பழகலாம். கிட் மட்டும் வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால், இரண்டு மூன்று வீடியோ பார்த்துவிட்டு, 45 சாமான் அடங்கிய ஏதோ ஒரு கிட்டைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 2021-ல் நானும் அங்கேதான் நின்றேன். ஆனால் யாரையும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதில் வித்தகன் இல்லை. கணக்கு எழுதுகிற உத்தியோகம். இத்தனை வருடத்தில் முப்பது பர்ஸ், கொஞ்சம் சாவிக்கொத்துப் பட்டை, இரண்டு கண்ணாடி உறை, அவ்வளவுதான் என் சாதனை. கிட் வாங்கியே நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்பவர்கள் கீழே வந்து சண்டை போட வேண்டாம். உங்களுக்கு வந்தது நல்ல கிட்டாக இருந்திருக்கும்.

எனக்கு வந்ததில் 45 சாமான் இருந்தது உண்மைதான். நான் தொட்டது ஆறு. பூ, இலை, செதில் என்று வரிசையாக அச்சு உளிகள். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலை ஈரப்படுத்தினால்தான் அந்த அச்சு பதியும் என்பதே எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். உள்ளங்கை அகலத்தில் மூன்று தோல் துண்டுகள். ஒரு கத்தி. அந்தக் கத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

முதல் பர்ஸ் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு. ஏ.டி.எம். கார்டின் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான்: 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. உயரம். நான் கணக்குக்காரன் அல்லவா, தாராளமாக இருக்கட்டும் என்று பாக்கெட்டை 90 மி.மீ. அகலத்துக்கு வெட்டினேன். இரண்டு ஓரத்திலும் 3 மி.மீ. உள்ளே தள்ளித் தையல். 90-ல் 6 போனால் 84. கடைசி முடிச்சைப் போட்டு, நூலைக் கருக்கி, பெருமையாகக் கார்டை நுழைத்தால் போகவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் விஷயம். "பழகப் பழகத் தோல் விட்டுக்கொடுக்கும்ப்பா" என்று சமாளித்தேன். இன்றுவரை விடவில்லை.

அதே பர்ஸில் இன்னொரு கூத்து. நோட்டு வைக்கும் பகுதிக்கு ஒரு வெளிநாட்டு வரைபடத்தை இறக்கி அப்படியே பயன்படுத்தினேன். அது டாலருக்குப் போட்டது, உள் உயரம் 70 மி.மீ. டாலரின் உயரம் 66 மி.மீ. நம் புது 500 ரூபாய் நோட்டும் 66 என்பதால் அழகாக உட்கார்ந்தது. ஆனால் பழைய 100 ரூபாய் நோட்டு 73 மி.மீ. இன்னும் செல்லுகிற நோட்டுதானே, அப்பாவிடம் அதுதான் நிறைய. மூடினால் மூன்று மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்க்கிறது.

அதனால் தோலைத் தொடுவதற்கு முன் பழைய தினசரி காலண்டர் அட்டையை எடுங்கள். அதில் வெட்டி, டேப் ஒட்டி, உங்கள் கார்டையும் நோட்டையும் போட்டு எடுத்துப் பாருங்கள். கார்டு பாக்கெட் 98 முதல் 100 மி.மீ. அகலமாவது வேண்டும். அடுக்கடுக்காகக் கார்டு வைக்கும்போது தோலின் கனமும் இடத்தைத் தின்னும். நோட்டுப் பகுதிக்கு உள் உயரம் 78 வைத்தால் எந்த நோட்டும் மானத்தை வாங்காது.

அடுத்தது தோல். சென்னையில் இருந்தால் பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். முதல் தடவை போனபோது கடைக்கார பாய் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை எம்.எம். வேணும்?" என்றார். "பர்ஸுக்கு" என்றேன். "அது தெரியுது சார், எத்தனை எம்.எம்.?" எனக்கு பதில் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே இன்றும் அந்தக் கடைக்குத்தான் போகிறேன். நீங்கள் தலைகுனிய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்: வெளிப்பக்கத்துக்கு 1 முதல் 1.2 மி.மீ., உள் பாக்கெட்டுக்கு 0.6 முதல் 0.8. விலை சதுர அடிக் கணக்கு. முழுத்தோல் வாங்கினால் வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும், முதுகுப் பக்கம்தான் கெட்டி. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு முழுத்தோல் உங்களுக்குத் தேவையே இல்லை. எடைக்குப் போடுகிற கழிவுத் துண்டுகள் போதும்.

நான் அன்று அள்ளிக்கொண்டு வந்தது கறுப்பில் பளபளவென்று ஷூ மேல்பாகத் தோல். மெத்தென்று இருந்தது. தைத்தேன். வீடியோவில் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய்ப்பார்கள், கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பார்த்திருப்பீர்கள். நானும் தேய்த்தேன். அரை மணி நேரம். தேன்மெழுகு வைத்துத் தேய்த்தேன். மறுபடி தண்ணீர். ஓரம் பூனை வால் மாதிரி பஞ்சு பஞ்சாக நின்றது. என் கையில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோளாறு தோலில். அதாவது தோலில் கோளாறில்லை, அது வேறு ஜாதித் தோல். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே கறுப்புச் சாயம், நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் போட்டுப் பதனிட்டது. உலகத்துத் தோலில் பெரும்பங்கு இதுதான். மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஓரம் தேய்த்தால் படியாது. அதற்கு ஓரச் சாயம் பூச வேண்டும், அல்லது ஓரத்தை மெலிதாக்கி மடித்துத் தைக்க வேண்டும். தேய்த்து மெருகேற்ற வேண்டுமானால் மரப்பட்டை, காய் போட்டுப் பதனிட்டது வேண்டும். நடுவிலும் பழுப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் கறுக்கும். விலை கொஞ்சம் கூட.

வேடிக்கை என்னவென்றால், இத்தாலித் தோல்தான் உசத்தி என்று வீடியோக்களில் சொல்லிச் சொல்லி நானும் அதன் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது பழைய தொழில். அந்தத் தோலுக்கு ஈ.ஐ. என்று பெயர், ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். கப்பலேறிப் போன சரக்கு, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு. கடையில் "ஈ.ஐ. இருக்கா பாய்?" என்று கேளுங்கள், உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும். அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பேருந்தில் எத்தனையோ வருடம் கடந்து போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

தோல் எதற்கு, பாவம் இல்லையா என்று கேட்க வருபவர்களுக்கு: நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்று வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரை போன விஷயம். நான் எப்படியும் குப்பைக்குப் போகிற துண்டைத்தான் வாங்குகிறேன். ரெக்சின் பர்ஸ் இரண்டு வருடத்தில் உரிந்து, அதுவும் பிளாஸ்டிக்காகத்தான் கிடக்கும். இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

இப்போது கத்தி. எனக்கு நேராக வெட்டவே வரவில்லை. வளைவில் தோல் இழுபட்டுப் பல்பல்லாக வந்தது. கை பழகவில்லை என்று நினைத்தேன். எங்கள் ஸ்டேஷன் வாசலில் குடை விரித்துச் செருப்புத் தைக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் வெட்கத்தை விட்டு, பையிலிருந்து கத்தியையும் துண்டுத் தோலையும் எடுத்துக் காட்டினேன். கத்தியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். "என்ன சார், கத்தியா கரண்டியா?" என்றார்.

தண்ணீர் தெளித்த கல்லில் ஒரே சாய்வாக வைத்து, கத்தியைத் தூக்காமல் தீட்டினார். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. அப்புறம் தொடையில் போட்டிருந்த பழைய தோல் பட்டையில் முன்னும் பின்னும் பத்து இழுப்பு. என் தோல் துண்டின் ஓரத்தைக் கல்லில் வைத்து, கத்தியைச் சாய்த்து ஒரு தள்ளு தள்ளினார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் வந்து விழுந்தது. ஓரம் காகிதம் போல மெலிந்திருந்தது. மூன்று அடுக்கு ஒன்றுசேரும் இடத்தில் பர்ஸ் புடைக்காமல் இருக்க வேண்டுமானால் இப்படித்தான் ஓரம் சீவ வேண்டும். நான் ஆறு மாதமாக முட்டிக்கொண்டிருந்தது ஒரு தள்ளில் முடிந்தது. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெலிதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் சேர்த்து ஒட்ட வேண்டும் என்பதை இலவசமாகச் சொன்னார்.

தையல் விஷயத்தில் அவர் வழி வேறு. கொக்கி வைத்த குத்தூசியால் அடியிலிருந்து நூலை இழுத்துப் பூட்டுவார். நம் மாதிரி ஆட்கள் பழகுவது இரண்டு ஊசித் தையல்: ஒரே நூலின் இரு முனையிலும் மழுங்கல் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எடுங்கள். எப்போதும் ஒரே பக்க ஊசியை முதலில் விடுங்கள், இல்லாவிட்டால் தையல் குடிகாரன் நடை நடக்கும்.

துளை போட நான்கு பல் உளி. அதைச் சுத்தியால் தட்ட அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டும் என்று அம்மிக்கல்லை எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டார். வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டீர்களே, அம்மியில் தோலை வைத்தால் எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிரானைட் கடையில் உடைசல் கல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிலும் நிம்மதி இல்லை. கீழ் வீட்டுக்காரர் புகார் கொடுத்து, அசோசியேஷனிலிருந்து "குடியிருப்பில் தொழிற்கூடம் நடத்துவது" பற்றிக் கடிதமே வந்தது. தொழிற்கூடம்! ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தட்டுகிறேன். மேல் வீட்டில் நான்கு மாதமாக டைல்ஸ் அறுக்கிறார்கள், அது இன்டீரியர், அதற்குக் கடிதம் கிடையாது. தண்ணீர் லாரிக் கணக்கு கேட்டதிலிருந்து என்மேல் அவர்களுக்கு ஒரு கண். இரண்டு வருடமாக வரவு செலவு காட்டவில்லை, நானே இலவசமாகத் தணிக்கை செய்து தருகிறேன் என்று எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லை. விடுங்கள். இப்போது உளியை அழுத்தி அடையாளம் மட்டும் வைத்து, கார்க் கட்டைமேல் குத்தூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்துகிறேன். நேரம் ஆகும், சத்தம் இல்லை, தையலும் இன்னும் அழகாக வருகிறது.

வீடு பற்றி இன்னொன்று. ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "என்னடா, செருப்புத் தைக்கப் போயிட்டியாமே?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சட்டென்று, "இல்ல பெரியப்பா, இது லெதர் கிராஃப்ட்" என்றேன். அவர் கேட்டதுகூட எனக்கு மறந்துபோகும். நான் சொன்னது மறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் அந்த அண்ணன் வழக்கம்போலக் கையைத் தூக்கினார், எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இதை எழுதினால் எதற்கு ஜாதியை இழுக்கிறாய் என்று யாராவது வருவார்கள். நான் இழுக்கவில்லை, பந்தியிலேயே உட்கார்ந்திருந்தது.

வாங்க வேண்டியது இவ்வளவுதான்: உடைத்து மாற்றுகிற பிளேடு கத்தி, இரும்பு ஸ்கேல், நான்கு பல் உளி, மழுங்கல் ஊசி இரண்டு, குத்தூசி, மெழுகு நூல், சொல்யூஷன், உப்புத்தாள். பர்ஸ் வேண்டாம், முதலில் கார்டு உறை. இரண்டு துண்டு, மூன்று பக்கத் தையல். அதில் நாலைந்து வீணாக்குங்கள்.

ஏழாவது பர்ஸை அண்ணனிடம் கொண்டு போய்க் காட்டினேன். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திறந்து, உள்பக்கத் தையலை நகத்தால் நீவினார். "இந்தப் பக்கம் கோணுது சார்" என்று திருப்பிக் கொடுத்தார். கோணல்தான்.

அப்பாவுக்குப் புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். பழைய நூறு ரூபாய் நோட்டு வந்தால் அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதல் வேலையாகப் பால்காரரிடம் தள்ளிவிடுகிறார். ஏ.டி.எம். கார்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.