வெள்ளிக்கிழமை கொச்சி: நடந்தே பார்க்க முடியுமா?

கேள்வி: நானும் கணவரும் முதல் தடவையாகக் கொச்சிக்குப் போகிறோம். வியாழன் ராத்திரி எர்ணாகுளத்தில் இறங்கி, வெள்ளி முழுக்க ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் பார்த்துவிட்டு, சனி காலை ரயில் ஏறுவதாகத் திட்டம். எனக்கு 61 வயது, முட்டி கொஞ்சம் தகராறு. இருந்தாலும் ஊரை நடந்து பார்க்கத்தான் ஆசை. சொந்தக்காரர்களோ, "ஆட்டோ பேசிக்கொள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவாய்" என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் மலையாளம் தெரியாது. நடந்தே பார்க்க முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவில்பட்டி)

பதில்:

தாராளமாக முடியும் அம்மா. அந்த ஊரில் ஆட்டோ பேசினவர்கள்தான் ஏமாறுகிறார்கள், நடந்தவர்கள் ஏமாந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பல வருஷமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருக்களில் நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது முட்டியும் இல்லை, மலையாளமும் இல்லை. வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் தூரம். ஃபோர்ட் கொச்சி மேடு பள்ளம் இல்லாத ஊர். படகுத்துறையில் இறங்கி ரோட்டுக்கு வந்ததும் வலது கைப்பக்கம் திரும்பி நடந்தால் சீன மீன்வலைகள், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம், பரேடு மைதானம், பிரின்சஸ் தெரு, சாந்தா குருஸ் பேராலயம். எல்லாம் ஒன்றுக்கொன்று பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும். அதற்கப்புறம் மட்டாஞ்சேரிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். காலை ஏழரைக்கு ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்கு எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டு, மூன்று மணி வரை வெயிலுக்குள் தலைகாட்டாமல் இருந்து, அப்புறம் மிச்சத்தைப் பார்த்தால் உங்கள் முட்டி ஒன்றும் சொல்லாது. உங்கள் ஊர் வெயில் வேறு, இது வேறு. கொச்சியில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும், சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கும். பரேடு மைதானத்தைச் சுற்றி நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள்தான் அந்த ஊரின் உண்மையான தங்குமடம், மைதானத்தில் எப்போதும் யாராவது பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், உட்கார்ந்து பாருங்கள்.

எர்ணாகுளத்திலிருந்து போக இரண்டு வகைப் படகு உண்டு. இரண்டும் வேறு வேறு துறையிலிருந்து கிளம்பும், இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல். "போட் ஜெட்டி" என்று மட்டும் சொன்னால் பழைய மெயின் ஜெட்டிக்குக் கொண்டுபோய் விடுவார்கள், அங்கேயிருந்து மாநில நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் படகு போகும். சில்லறைக் காசுதான் கட்டணம், இருபது நிமிடப் பயணம். நான் எப்போதும் அதில்தான் போவேன், ஆனால் படகுக்கும் மேடைக்கும் நடுவில் இடைவெளி விட்டு ஆடும், கையைப் பிடித்துத் தாவி ஏற வேண்டியிருக்கும். உங்கள் முட்டிக்கு வாட்டர் மெட்ரோதான் சரி. 2023 ஏப்ரலில் தொடங்கியது, அடுத்த வருஷம் ஃபோர்ட் கொச்சிக்கும் விட்டார்கள். ஹைக்கோர்ட் முனையத்தில் ஏற வேண்டும். கொச்சின் ஷிப்யார்டு கட்டின குளிர்சாதனப் படகு, மிதக்கும் மேடை படகோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி உள்ளே போய்விடலாம். ஆட்டோக்காரரிடம் "ஹைக்கோர்ட் வாட்டர் மெட்ரோ" என்று முழுசாகச் சொல்லுங்கள். எது எங்கிருந்து கிளம்புகிறது என்று ரயில் நிலையத்திலேயே ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

இனி ஆட்டோ. படகிலிருந்து இறங்கி வெளியே வந்த முதல் நிமிடத்திலேயே ஒருவர் வருவார். நல்ல தமிழில் பேசுவார். "அம்மா, நடக்க முடியாது, ரொம்ப தூரம், எல்லா இடமும் சுத்திக் காட்டறேன், நூறு ரூபா குடுங்க போதும்" என்பார். மூன்று மணி நேரம் நூறு ரூபாய்க்கு ஒரு மனிதர் எப்படி வண்டி ஓட்டுவார் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். பெட்ரோல் காசுக்கே அது காணாது. மிச்சத்தைக் கடைக்காரர் தருகிறார். சீன வலையை ஐந்து நிமிடம் காட்டிவிட்டு, "ஒரே ஒரு கடை, சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்" என்று மசாலாக் கடை வாசலில் நிறுத்துவார். அடுத்து கைவினைப் பொருள் கடை, அடுத்து துணிக் கடை. நீங்கள் ஒன்றும் வாங்காமல் பத்து நிமிடம் உள்ளே நின்றாலே அவருக்கு ஒரு கூப்பனோ கொஞ்சம் காசோ கிடைத்துவிடும், வாங்கினால் அதில் பங்கு. அந்தப் பங்கு உங்கள் பில்லில்தான் ஏறியிருக்கும்.

நானே மாட்டியிருக்கிறேன். முதன்முதலாக அந்த ஊருக்குப் போனபோது இப்படித்தான் ஒருவர் கூட்டிப்போனார், மூன்றாவது கடையில் "நூறு வருஷத்துப் பழசு" என்று ஒரு பித்தளைத் தூக்குவிளக்கை 1,800 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தேன். கருப்பு முழுக்கக் கையோடு வந்துவிட்டது, உள்ளே பளபளவென்று புத்தம் புதுப் பித்தளை, கையில் செருப்பு பாலிஷ் வாடை. இப்போதும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அதுதான் தொங்குகிறது. மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் "ஆன்டிக்" என்று பலகை போட்ட கடைகளில் கண்ணுக்கு விருந்து உண்டு, உள்ளே போய்ப் பாருங்கள், ஆனால் பழசு என்று சொல்லி விலை சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். நிஜமாகவே நூறு வருஷத்தைத் தாண்டிய கலைப்பொருளை விற்பதற்கு 1972-ல் போட்ட தனிச் சட்டமே இருக்கிறது, உங்களுக்குப் பையில் சுருட்டிக் கொடுக்கிற மாதிரி அது நடக்காது.

மசாலா சமாசாரமும் அப்படித்தான். ஏலக்காயும் மிளகும் வாங்குங்கள், மொத்தக் கடை வரிசையான பஜார் ரோட்டிலேயே விசாரித்து வாங்குங்கள். "கேரளா குங்குமப்பூ" என்று சின்னக் கண்ணாடி டப்பாவில் நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். நம் நாட்டில் குங்குமப்பூ விளைவது காஷ்மீரத்தில், கேரளத்தில் கடையில் வைத்து விற்கிற அளவுக்கு விளைகிற பயிர் இல்லை அது.

எல்லா ஆட்டோக்காரர்களும் இப்படி இல்லை. மீட்டர் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கே நாலைந்து பேர் நண்பர்கள். முட்டி வலித்தால் ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரி வரை மட்டும் ஆட்டோவில் போங்கள். 2022 மே மாதம் அரசு வைத்த கணக்குப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15. இரண்டரை கிலோமீட்டர் என்று வைத்தாலும் 45 ரூபாய். அதை அறிந்துகொண்டு ஏறுங்கள், "நேரே யூதத் தெரு, நடுவில் எங்கேயும் நிற்க வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்தான்: "வேண்டா." நம் வேண்டாமில் ஒரு மெய்யெழுத்து குறைச்சல், அவ்வளவுதான். நடந்துகொண்டே சொல்ல வேண்டும், நின்று சொன்னால் பேச்சு வளரும்.

சீன வலைக்கும் ஒரு எச்சரிக்கை. நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, மறுமுனையில் வரிசையாகக் கட்டின கல் குண்டுகள் இறங்க இறங்க வலை மேலே வருவதைக் கரையில் நின்று பார்ப்பதற்குக் காசு கிடையாது. "வாங்க, நீங்களும் ஒரு கை போடுங்க" என்று மேடைக்குக் கூப்பிடுவார்கள், இழுத்து முடித்ததும் போட்டோவும் எடுத்ததும் கை நீளும். அந்த வலையில் இப்போதெல்லாம் விழுகிற மீனைவிட இந்த வருமானம் பெரிது, அதனால் நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு ஏறலாம் என்று தோன்றினால் ஏறுங்கள், ஆனால் தொகையை ஏறும் முன்பே பேசுங்கள்.

செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் எல்லோரும் வாஸ்கோ ட காமாவின் கல்லறைக் கல்லைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர் கொச்சியில் இறந்து அங்கே புதைக்கப்பட்டார், பிறகு எலும்புகளைப் போர்ச்சுக்கலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், இருப்பது வெறும் கல்தான். அதைவிட நிமிர்ந்து பாருங்கள். உத்தரத்திலிருந்து நீளத் துணி விசிறிகள் தொங்கும், அவற்றின் கயிறு வெளியே போகும். உள்ளே துரைமார்கள் ஜெபம் பண்ண, வெளியே வெயிலில் ஒருவர் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சரி, வெள்ளிக்கிழமை.

மட்டாஞ்சேரியில் நீங்கள் பார்க்கப் போவது இரண்டு இடம். ஒன்று அரண்மனை. 1555-ஐ ஒட்டி போர்ச்சுக்கீசியர் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்து, 1663-க்குப் பிறகு டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் வந்தது. பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம், உங்களைப் போல ஆசிரியராக இருந்தவர்கள் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பார்கள். இன்னொன்று அதற்குப் பக்கத்திலேயே 1568-ல் கட்டிய பரதேசி யூதர் (வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்) ஜெபாலயம், தரையில் கையால் தீட்டின நீலச் சீன ஓடுகள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பார்கள். அரண்மனைக்கு வார விடுமுறை வெள்ளி. ஜெபாலயம் வெள்ளியும் சனியும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும், யூதப் பண்டிகை நாட்களிலும் மூடல். ஆகவே வெள்ளி போனால் இரண்டும் இல்லை. சனி போனால் அரண்மனை உண்டு, ஜெபாலயம் இல்லை. ஞாயிறு முதல் வியாழன் வரைதான் இரண்டும் சேர்ந்து கிடைக்கும், அதிலும் ஜெபாலயம் மதியம் ஒரு இடைவெளி விட்டுத்தான் மூன்று மணிக்குத் திறக்கும்.

ஜெபாலயத்தைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் வழிபாடு, ஓய்வுநாள் வெள்ளி மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. அரண்மனை யாருடைய கையில் இருக்கிறது? தொல்லியல் துறை. வாரத்தில் ஏழு நாள் இருக்கும்போது, பக்கத்து வீடு மூடுகிற அதே வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமையை விடுமுறையாக வைத்தால் வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை யாராவது ஒரு கூட்டம் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. எத்தனை முறை அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் வயசானவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஏதோ நான் பூட்டின மாதிரி. இதை வெள்ளிக்கிழமை ஆட்டோக்காரர் உங்களுக்குச் சொல்லவே மாட்டார் என்பதையும் கவனியுங்கள். அவருக்கு மூடின அரண்மனை என்றால் கடைக்குக் கூடுதல் நேரம்.

அதனால் முடிந்தால் எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னால் தள்ளுங்கள். புதன் ராத்திரி இறங்கி வியாழன் பாருங்கள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பணம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். முதல் தடவையாக வருகிறீர்கள்.

மாற்றவே முடியாது என்றால், வெள்ளிக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். காலையில் வலை, தேவாலயம், பேராலயம் முடித்துவிட்டு, மட்டாஞ்சேரிக்குப் பதிலாக "டோபி கானா" என்று கேட்டுப் போங்கள். பட்டாளத்து உடுப்பு வெளுக்க டச்சுக்காரர் காலத்தில் தமிழ் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார் குடும்பங்கள் என்று சொல்வார்கள், அவர்கள் வழியில் வந்தவர்கள் இன்னும் அங்கே வெளுக்கிறார்கள். ஆளுக்கொரு தொட்டி, கல்லில் அடிக்கிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். கஞ்சி போட்ட வேட்டிகளைக் காயப்போடக் கிளிப்பு கிடையாது. முறுக்கின கயிற்றின் புரியை விரலால் பிரித்து, துணி முனையை உள்ளே செருகி விட்டுவிடுவார்கள், எந்தக் கடல் காற்றும் அதைப் பிடுங்காது. அங்கே உங்கள் தமிழிலேயே பேசலாம். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், வேலை செய்கிற இடம் அது.

அப்புறம் வெயில் தாழ்ந்ததும் பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரிப் பக்கம் மெதுவாக நடக்கலாம். வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் சில கடைகள் சாத்தியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும். சாக்கு மூட்டை அடுக்கின கிட்டங்கிகள், ஒன்றில் சுக்கு, ஒன்றில் மிளகாய், தும்மிக்கொண்டே போவீர்கள். நடைபாதை என்று ஒன்று அங்கே பேருக்குத்தான், லாரி பின்னால் வருகிறதா என்று கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழிப்பறைக்கு மாநகராட்சியை நம்பாமல் ஏதாவது கஃபேயில் ஒரு காபி சொல்லிவிட்டுப் போய்வாருங்கள். ராத்திரி கதகளி பார்ப்பதாக இருந்தால் அரங்க வாசலிலேயே சீட்டு வாங்குங்கள், ஆட்டோவிலோ தங்குமிடத்திலோ வாங்காதீர்கள், அதிலும் கமிஷன் உண்டு. ஒரு மணி நேரம் முன்னால் போனால் ஆட்டக்காரர்கள் முகத்துக்குப் பச்சை வண்ணம் எழுதுவதைக் கிட்டே உட்கார்ந்து பார்க்கலாம், எனக்கு ஆட்டத்தைவிட அதுதான் பிடிக்கும். ஆட்டம் முடிந்து திரும்பப் படகு இருக்கிறதா என்பதைக் காலையில் இறங்கும்போதே கவுன்டரில் கேட்டு, கடைசிப் படகின் நேரத்தைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அதைக் கடைசியாக யார் திருத்தினார்களோ.