ஊமத்தை விஷம் என்கிறார்கள், பிறகு அதே சரக்கை மருத்துவமனையில் ஊசியாகப் போடுவது எப்படி?

மருந்தியல் பாடம் எடுப்பவன் நான், வருடம் தவறாமல் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். ஊமத்தையில் இருப்பவை ட்ரோபேன் ஆல்கலாய்டுகள் என்ற வகைத் தாவர வேதிப்பொருள்கள், முக்கியமாக ஹையோசயமினும் ஸ்கோபாலமினும். பிரித்தெடுக்கும்போது ஹையோசயமினில் பாதி தன் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்குப் புரண்டுவிடும், அந்தச் சரிபாதிக் கலவைதான் அட்ரோபின்.

இவை செய்வது ஒரே வேலை: அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் பொருள் உட்கார வேண்டிய, மஸ்கரினிக் ஏற்பிகள் எனப்படும் செல்களின் இருக்கைகளில் முந்திப் போய் இடம் பிடித்துக்கொள்ளும். எச்சில் ஊறாது, வியர்க்காது, இதயம் படபடக்கும், கண்மணி விரியும். சின்ன வயதில் கண் சோதனைக்காக எனக்கு அட்ரோபின் போட்டார்கள். ஒரு வாரத்துக்குக் கிட்டத்து எழுத்தெல்லாம் கலங்கியே தெரிந்தது, வெயிலில் நிமிரவே முடியவில்லை. ஊமத்தை விதை தின்றவருக்கு இதெல்லாம் உடம்பு முழுக்க நடக்கும், மூளையும் தப்பாது, அதனால்தான் பிதற்றுவதும் இல்லாத எதையோ பிடிக்கக் காற்றில் துழாவுவதும்.

சரி, பூச்சிமருந்து விஷம் ஏறியவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அங்கே நடப்பது நேர்மாறு, அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி முடங்கி, அது தேங்கித் தேங்கி, நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு முட்டும். அட்ரோபின் அந்த விஷத்தை அழிப்பதில்லை, அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் உட்காராதபடி கதவை அடைக்கிறது, அவ்வளவுதான். போதவில்லை என்றால் சில நிமிடங்களிலேயே அளவை இரட்டிப்பாக்கி மறுபடி போடுவார்கள். கண்மணி விரிந்ததா என்பதை நம்பி நிறுத்தக் கூடாது, மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து உள்ளே கறகற சத்தம் அடங்கியதா என்று கேட்க வேண்டும். குப்பியில் 0.6 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 0.6 தான் இருக்கும், செடியில் அந்த உத்தரவாதம் கிடையாது, விதைக்கு விதை மாறும்.

எனக்குப் பிடித்த பகுதி ஸ்கோபாலமின். ஹையோசயமினோடு ஒரு ஆக்சிஜன் பாலம் சேர்ந்தது, மூளைக்குள் சுலபமாக நுழையும். பயண வாந்திக்குக் காதுக்குப் பின்னால் 3 நாள் ஒட்டும் பட்டையில் இருப்பது இதுதான். இதன் நைட்ரஜனில் ஒரு பியூட்டைல் தொகுதியை மாட்டினால் நிரந்தர மின்னூட்டம் வந்துவிடும், மூளைக்குள் அநேகமாகப் போகாது, குடலின் பிடிப்பை மட்டும் தளர்த்தும். வயிற்றுப் பிடிப்புக்கு விழுங்கும் ஹையோசின் பியூட்டைல்புரோமைடு மாத்திரை அதுதான், ஹையோசின் என்பது ஸ்கோபாலமினின் இன்னொரு பெயர். மாத்திரை அட்டையைக் காட்டி மாணவர்கள் “இதுவும் ஊமத்தைக்குச் சொந்தமா சார்?” என்று கேட்பார்கள். நெருங்கிய சொந்தம்.