இறுகக் கட்டிய பட்டர் ஃப்ரூட் ஏன் பழுக்கவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் காப்பிக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரங்கள் வைத்திருக்கிறேன். சேலத்துக்கு வண்டி கிடைக்கும் வரை காயைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அறையில் வைத்தேன். நான்கு நாள் கழித்துப் பிரித்தால் சாராய வாடை. தோல் கருத்துவிட்டது, காய் பழுக்கவும் இல்லை. அதே அறையில் பழுக்கிற வாழைத்தார் பக்கத்தில் கிடந்த பீன்ஸ் மஞ்சளாகிவிட்டது. என்ன காரணம் ஐயா?

பதில்: இரண்டுக்கும் காரணம் பைக்குள்ளும் அறைக்குள்ளும் இருந்த காற்றுதான்.

பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை வெளியே விடும். பட்டர் ஃப்ரூட் பழுக்கும் நேரத்தில் மற்ற பல பழங்களைவிட வேகமாக மூச்சு விடும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கட்டிய பைக்குள் அது குறைந்துகொண்டே வரும், கரியமில வாயு ஏறும். ஆக்சிஜன் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால், காய் தன் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்கும். அந்த வாடைதான் உங்களுக்கு வந்தது. அப்படி மூச்சுத் திணறிய காயை வெளியே வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. தயவுசெய்து அதை விற்காதீர்கள். ஒருமுறை ஏமாந்த வியாபாரி மறுபடி உங்களிடம் வரமாட்டார்.

பெரிய குளிர்கிடங்குகளில் ஆக்சிஜனை 2 முதல் 5, கரியமில வாயுவை 3 முதல் 10 சதவீதத்தில் நிறுத்தி இதே காயை வாரக்கணக்கில் வைக்கிறார்கள். அது குளிரும் கருவியும் சேர்ந்த வேலை, பையைக் கட்டினால் வராது.

பீன்ஸ் கதை வேறு. பழுக்கும் வாழை, காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் என்ற வாயுவை விடும். துளியளவு இருந்தாலே பீன்ஸின் பச்சை போய்விடும். பழுக்கும் பழத்தையும் பச்சைக் காய்கறியையும் ஒரே அறையில் வைக்கவே கூடாது.

இனி காலையிலேயே பறித்து, நிழலில் ஆறவிட்டு, துளையுள்ள கிரேட்டில் அடுக்குங்கள். பை வேண்டுமென்றால் நிறைய ஓட்டை போட்டது. பழுக்காத காயை வீட்டுப் பிரிட்ஜில் வைக்க வேண்டாம், உள்ளே கருத்துவிடும். பழுத்த பிறகு வைக்கலாம். செங்கல்லில் இரட்டைச் சுவர் கட்டி, நடுவில் மூன்று அங்குலம் ஆற்றுமணல் நிரப்பி நனைத்து வைக்கும் குளிர்பெட்டி வெயில் காலத்தில் நன்றாக உதவும். ஏற்காட்டு மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அப்போது பெரிய பலன் இருக்காது.

சீக்கிரம் பழுக்க வேண்டுமா? அட்டைப்பெட்டியில் இரண்டு வாழைப்பழத்தோடு வையுங்கள், போதும். கார்பைடு கல் மட்டும் வேண்டாம், அது தடை செய்யப்பட்டது.