கெண்டைக்கால் தசை கிழிந்து ஆறு வாரம் ஆச்சு. நடந்தால் வலி இல்லை. பழையபடி தினமும் 5 கிலோமீட்டர் ஓடலாமா? கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறேன்.

நடந்தால் வலிக்கவில்லை என்பதை வைத்து ஓடக் கிளம்பாதீர்கள். நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் ஒற்றைக்காலில் விழுந்து, அதே காலில் எம்புவது. அந்த எம்பலுக்குப் பெரும்பங்கு கெண்டைக்காலுடையது.

வெறுங்காலில் சமதரையில் நின்று, சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்து, முட்டியை மடக்காமல் ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முதலில் நல்ல கால். குதிகால் எழும் உயரம் குறைந்த உடனே எண்ணிக்கையை நிறுத்திவிட வேண்டும். அடிபட்ட கால் இருபதையாவது தொட வேண்டும், நல்ல காலைவிட இரண்டு மூன்றுக்கு மேல் குறையவும் கூடாது. இதில் கால் நம்மை ஏமாற்றப் பார்க்கும்: உடம்பு சுவரில் சாயும், முட்டி லேசாக மடங்கும், பாதம் சுண்டுவிரல் பக்கம் உருளும். அப்படி வந்தவை கணக்கில் சேராது. பிறகு முட்டியைக் கொஞ்சம் மடக்கியபடி இதையே செய்யுங்கள். நேர்முட்டியில் வேலை செய்வது வெளியே புடைத்துத் தெரியும் மேல் தசை. மடக்கினால் அதன் அடியில் இருக்கும் தட்டைத் தசை. நீண்டதூரம் ஓடுபவர்களுக்கு அடிக்கடி வம்பு பண்ணுவது இந்தத் தட்டைத் தசை. கடைசியாக நின்ற இடத்திலேயே ஒற்றைக்காலில் பத்து குதி. சுருக்கென்று இல்லாவிட்டால் ஓட ஆரம்பிக்கலாம்.

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஐந்து நிமிடம் வேகநடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை. அடுத்த வாரம் 2 ஓட்டம் 2 நடை, ஆறு தடவை. மூன்றாம் வாரம் 3-க்கு 1, ஆறு தடவை. நான்காம் வாரம் 5-க்கு 1, நான்கு தடவை. அதற்குப் பிறகுதான் நிற்காமல் 20 நிமிடம். அடி சிறியதாக இருக்கட்டும், பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகம் போதும். தூரம், வேகம், ஏற்றம் மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து அடியில் இறுக்கம் இருந்தால் அதே படியை இன்னொரு முறை செய்யுங்கள். ஓடும்போதே சுருக்கென்றால் அங்கேயே நிறுத்தி, நடந்து வீடு திரும்பி, இரண்டு நாள் விட்டு ஒரு படி கீழிறங்குங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்த எச்சரிக்கை எதுவும் கேட்காது.

பெரும்பாலும் காரியம் கெடுவது மூன்றாம் வாரத்தில். மூச்சும் நெஞ்சும் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும், தசை வராது. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று 5 கிலோமீட்டர் போனால், தசை சோர்ந்த கடைசி அரை கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி கிழியும்.

ஓடாத நாளில் வாசற்படி விளிம்பில் குதிகால் தூக்கல்: நேர்முட்டியில் 12, மடக்கி 15, மூன்று சுற்று. மேலே போக இரண்டு எண்ணிக்கை, இறங்க மூன்று. எளிதானதும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசி.

மார்த்தாண்டம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வாசலைத் தாண்டினாலே ஏற்ற இறக்கம். ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து கெண்டைக்கால் நீண்ட நிலையில் உதைக்க வேண்டியிருக்கும், ஆறின இடம் இழுபடும். முதல் ஆறு வாரம் சமமான சானல்கரையோ (பாசனக் கால்வாய் ஓரம்) பள்ளி மைதானமோ தேடுங்கள். நாகர்கோவில் வர முடிந்தால் அண்ணா ஸ்டேடியம். ஒரே திசையில் சுற்றாமல் நாள்விட்டு நாள் மாற்றுங்கள். சொத்தவிளை கடற்கரை மணல் மெத்தென்று இருக்கிறதே என்பார்கள். உலர்ந்த மணலில் குதிகால் புதையும், வேலை கூடும். ஈர மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் எதிர்காற்றில் கடிகாரம் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம்.

ரோட்டில் ஓடலாமே என்றால், விடிவதற்குள் டாரஸ் லாரிகள் பாறையும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு வரிசை கட்டுகின்றன. தார் முடியும் இடத்தில் அரை அடிப் பள்ளம். ஒதுங்கினால் கணுக்கால் போகும், ஒதுங்காவிட்டால் ஆளே போய்விடும். இந்த மாவட்டத்தில் நடக்கிறவனுக்கு என்று ஒரு முழம் இடம் விட யாருக்கும் மனசு வரவில்லை.

உழிச்சல், அதாவது எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவது பற்றி ஒரு வார்த்தை. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான்மாரைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். வர்மம் தழைத்த மண் என்பது எனக்கும் தெரியும். கிழிந்த முதல் சில நாளில் அழுத்தித் தடவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும் என்றுதான் சொல்கிறேன். ஆறு வாரம் கழித்து லேசாகத் தடவுவதில் தப்பில்லை. ஆனால் அடி எதுவும் படாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, கனத்து வலித்தால் தடவவே கூடாது. அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.