சிக்னல் ஜெனரேட்டர்: எதை வாங்குவது?

அன்புள்ள ஐயா,

ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு மதுரையில் வங்கி வேலை. மாலை வேளைகளில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து பழைய ஆம்ப்ளிஃபயர்களைச் சரி செய்வேன். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப் எல்லாம் இருக்கின்றன. சோதனைக்கான அலையை உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டர் மட்டும் இல்லை. அதற்கென்று 6000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். எக்ஸ்ஆர் 2206 என்ற ஐசியை வைத்து நாமே சேர்த்துச் செய்யும் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 60 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் டிடிஎஸ் (டிஜிட்டல் முறையில் அலையை உருவாக்கும்) பெட்டி ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். சென்னை ரிச்சி தெருவில், கல்லூரி லேபில் கழித்துப் போட்ட பழைய ஃபங்ஷன் ஜெனரேட்டர் ஒன்றும் கண்ணில் பட்டது. எதை வாங்கட்டும்?

இன்னொன்று. இப்போது மேஜையில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் இடது பக்கம் மட்டும் கரகரக்கிறது. அவுட்புட் ஐசியை மாற்றிவிடலாமா?

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஐசியை மாற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். 6000 ரூபாயையும் ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஜெனரேட்டர் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 60 மெகாஹெர்ட்ஸ். காதுக்குக் கேட்பது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆம்ப் எங்கே தளர்கிறது என்று பார்க்க 100 கிலோஹெர்ட்ஸ் வரை போனால் தாராளம். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ரேடியோ வேலை செய்பவர்களுக்கு. ஆடியோ மேஜையில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு மேலே போகும் என்பதைவிட, எவ்வளவு சின்ன சிக்னலைச் சுத்தமாகத் தரும் என்பதுதான். மைக் உள்ளீட்டுக்குச் சில மில்லிவோல்ட் போதும். ரெக்கார்ட் பிளேயரின் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அங்கே கொண்டுபோய் ஒரு வோல்ட்டைக் கொடுத்தால், சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப், நல்லதாக இருந்தாலும், அலையை வெட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ப்ரீஆம்ப் கெட்டுவிட்டது என்று பிரித்து மேய்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய மெக்கானிக்குகள் வால்யூம் கன்ட்ரோலின் நடுக் காலில் விரலை வைப்பார்கள். ஸ்பீக்கர் ‘ர்ர்ர்’ என்று உறுமினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸை உடம்பு பிடித்து உள்ளே கொடுக்கிறது. வால்வு செட்டில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். விரல் செய்யும் அதே வேலையை அளந்து செய்வதுதான் சிக்னல் ஜெனரேட்டர்.

சரி, கிட்டுக்கு வருவோம். எக்ஸ்ஆர் 2206 நல்ல ஐசிதான். ஆனால் அதன் டேட்டா ஷீட்டிலேயே, ட்ரிம் செய்யாவிட்டால் (நுணுக்கமாகத் திருகிச் சரிசெய்யாவிட்டால்) சைன் அலையில் சுமார் 2.5 சதவீதம் டிஸ்டார்ஷன் (அலை உருக்குலைவது) இருக்கும் என்று போட்டிருக்கிறது. கவனமாக ட்ரிம் செய்தால் அரை சதவீதத்துக்கு வரும். ஓரளவு நல்ல ஆம்ப் தரும் டிஸ்டார்ஷன் இதைவிட எவ்வளவோ குறைவு. அளவுகோலே வளைந்திருந்தால் எதை அளப்பது? அந்த மலிவு கிட்டுகளில் சதுர அலையின் அளவைக் குறைக்கவும் வழி இருப்பதில்லை. சப்ளை வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வரும். சால்டரிங் பழக வாங்குங்கள். மேஜைக்கு வேண்டாம்.

டிடிஎஸ் பெட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில வருடங்களுக்கு முன் நானும் மலிவான பெட்டி ஒன்றை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு நாள், கேபிள் மாட்டும் பிஎன்சி சாக்கெட்டின் உலோக விளிம்பில் விரல் பட்டது, மெல்லச் சுரீர் என்றது. மீட்டரை ஏசியில் வைத்து அந்த விளிம்புக்கும் சுவர் எர்த்துக்கும் இடையே அளந்தேன். 90 வோல்ட்டுக்கு மேல்! உள்ளே இருந்தது ஸ்விட்சிங் பவர் சப்ளை, வெளியே இரண்டு முள் பிளக். எர்த் இல்லாததால் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கசிவது முழுவதும் கிரவுண்டில் வந்து நின்றது. கரன்ட் மிகக் குறைவு, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு நண்பரின் ப்ரீஆம்ப்பில் இருந்த ஜேஃபெட் என்ற ட்ரான்சிஸ்டரை அது பலி வாங்கியிருந்தது. காரணம் தெரியாமல் மூன்று நாள் முழித்தேன். அந்தச் சின்னப் பாகம் கிடைக்க நண்பர் இரண்டு மாதம் காத்திருந்தார், அது இன்றும் எனக்கு வருத்தம்தான். அப்புறம் அந்த விளிம்பிலிருந்து எர்த்துக்கு ஒரு வயர் இழுத்தேன், தொல்லை நின்றது. எந்தப் பெட்டி வாங்கினாலும் மூன்று முள் பிளக் இருக்கிறதா, பிஎன்சி விளிம்புக்கும் எர்த் முள்ளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரால் பார்த்துவிட்டு மேஜையில் வையுங்கள்.

இப்போது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஜெனரேட்டர். அது உங்கள் லேப்டாப்தான். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சிக்னல் ஜெனரேட்டர் உண்டு. சாதாரண லேப்டாப்பின் ஹெட்ஃபோன் சாக்கெட்டோ, நல்ல யுஎஸ்பி டாங்கிளோ தரும் சைன் அலை, அந்தக் கிட் தருவதைவிடப் பல மடங்கு சுத்தமானது. ஈக்வலைசர், சரவுண்ட் மாதிரியான எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பாதி ஹம் (உறுமல்) தொல்லை அங்கேயே ஓய்ந்துவிடும். இடது, வலது வயர்களை நேரடியாக ஒன்றாக முறுக்க வேண்டாம்.

கூடவே ஒரு சின்ன டப்பா செய்துகொள்ளுங்கள். ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து வரும் சிக்னலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொண்டுவந்து, கிரவுண்டுக்கு 100 ஓம் போட்டால் நூறில் ஒரு பங்கு கிடைக்கும். ஒரு வோல்ட் கொடுத்தால் 10 மில்லிவோல்ட். கம்ப்யூட்டரில் வால்யூமைத் தரைமட்டத்துக்குக் குறைப்பதைவிட, அங்கே நன்றாக வைத்துவிட்டு வெளியே இப்படிக் குறைப்பது எப்போதும் சுத்தமாக வரும். டப்பாவின் வெளிப்பக்கம் வரிசையில் ஒரு மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றும் போடுங்கள். ட்ரான்சிஸ்டரின் பேஸில் முனையை வைக்கும்போது அங்கிருக்கும் டிசி லேப்டாப்புக்குள் திரும்பி வராது.

லேப்டாப்பால் முடியாதது ஒன்று உண்டு. சதுர அலை. வினாடிக்கு 48 ஆயிரம் சாம்பிளில் ஓடும் சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் தராது. அதனால் சதுரத்தின் மூலைகளில் சின்னச் சின்ன அலைகள் நெளியும். ஸ்கோப்பில் அதைப் பார்த்துவிட்டு ஆம்ப் ஆசிலேட் ஆகிறது (தானாகவே அலையடிக்கிறது) என்று பயந்துவிடாதீர்கள். சதுர அலையோ ஆடியோ வேலையில் அருமையான கருவி. 1 கிலோஹெர்ட்ஸ் சதுரத்தின் தட்டையான மேல்பகுதி சரிந்தால் ஆம்ப் கீழ் ஸ்தாயியை இழக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் மூலை உருண்டால் மேல் ஸ்தாயி போகிறது. ஒரே பார்வையில் இரண்டும் தெரிந்துவிடும்.

அதற்குத்தான் அந்த ரிச்சி தெருப் பெட்டி. ஒரு மாதம் கழித்தும் அது அங்கே இருந்தால் வாங்குங்கள். உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் சப்ளை, பின்னால் மூன்று முள், முன்னால் சிக்னலைக் குறைக்கும் 20, 40 டெசிபெல் அட்டென்யுவேட்டர் பட்டன்கள் இருந்தால் விலை பேசலாம். அதன் சைன் அலை சுமாராகத்தான் இருக்கும். முக்கோண அலையைத்தான் அந்த வகைப் பெட்டிகள் டையோடுகளால் வளைத்து சைன் ஆக்குகின்றன. பரவாயில்லை, சைனுக்கு லேப்டாப், சதுரத்துக்கு இது. கடையிலேயே ஸ்கோப் கேட்டு வாங்கி, ஆம்ப்ளிட்யூட் குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அலை துள்ளினால் பாட் (குமிழோடு சுழலும் ரெசிஸ்டர்) தேய்ந்திருக்கிறது. க்ளீனர் அடித்தும் சரியாகாவிட்டால் அதை மாற்ற வேண்டிவரும். 20 ஹெர்ட்ஸிலும் ஒரு முறை பாருங்கள். அவுட்புட் 50 ஓம் என்று போட்டிருந்தால், சில பெட்டிகளில் காட்டும் அளவைவிட இரண்டு மடங்கு ஸ்கோப்பில் வரும். அது பழுதல்ல. எதிர்ப்பக்கமும் 50 ஓம் இருக்கும் என்ற கணக்கில் அளவு குறித்திருக்கிறார்கள்.

சுத்தமான சைன் அலைக்கு எனக்குப் பிடித்த வழி இன்னொன்று உண்டு. எச்பி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் ஹ்யூலட் 1930களின் கடைசியில் செய்த ஆசிலேட்டர். அதில் உள்ள வீன் பிரிட்ஜ் என்ற வகை சர்க்யூட்டில் அலையின் அளவு நிலையாக நிற்காது, ஒன்று வளர்ந்து வெட்டுப்படும், இல்லை அணைந்துபோகும். வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடும் ஃபீட்பேக்கில் அவர் ஒரு சின்ன பல்பை வைத்தார். அலை பெரிதானால் இழை சூடேறி ரெசிஸ்டன்ஸ் கூடும், கெயின் (பெருக்கம்) குறையும், அலை அடங்கும். வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. எச்பியின் முதல் பொருள் அதுதான். வால்ட் டிஸ்னி நிறுவனம் அதன் அடுத்த மாடலில் எட்டு வாங்கியது. 5532 ஆப்ஆம்ப் ஐசி, இரண்டு 10 கிலோ ஓம், இரண்டு 15 நானோஃபாரட், ஒரு குறைந்த கரன்ட் பல்பு இருந்தால் நீங்களே செய்யலாம். கணக்குப்படி 1061 ஹெர்ட்ஸ் வரும். ஃபீட்பேக் ரெசிஸ்டர், சூடான பல்பின் ரெசிஸ்டன்ஸைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அங்கே ஒரு ட்ரிம் பாட் வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஸ்கோப்பில் அலை கொஞ்சம் வீங்கும், சுருங்கும், பிறகு அப்படியே நிற்கும். பல வருடங்களாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

உங்கள் ஆம்புக்கு வருகிறேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டரைப் போடுங்கள், வாட்டேஜ் தாராளமாக இருக்கட்டும். முழு வால்யூமில் 1 கிலோஹெர்ட்ஸ் ஓடினால் வீட்டில் யாரும் இருக்க முடியாது, ஸ்பீக்கருக்கும் கேடு. ஐசியின் எண்ணைப் பார்த்து அது பிரிட்ஜ் வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்ஜாக இருந்தால் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் லைவ், ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை எதிலும் மாட்டக் கூடாது. மாட்டினால் ஐசி அந்த நிமிடமே போய்விடலாம். இரண்டு சேனலுக்கும் ஒரே 200 மில்லிவோல்ட் கொடுத்து, முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக இடதையும் வலதையும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் இடது அலையின் தலை மட்டும் முதலில் வெட்டுப்படுகிறதோ, அந்தக் கட்டத்தின் டிசி வோல்ட்டேஜை வலது பக்கத்தோடு வைத்து அளந்து பாருங்கள். பழைய செட்டுகளில் எனக்கு அதிகம் சிக்கியது, இரண்டு கட்டங்களுக்கு நடுவே கசிந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்தான். அளந்த வோல்ட்டேஜ்களை எழுதி அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்.