அன்லிமிடெட் நெட் 22-ஆம் தேதியே தவழுதே! – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். மாசக் கடைசியில் நெட் படுத்துவிடுகிறது, டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சென்னையில் ஃபைபர் வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த கம்பெனி நல்ல கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே கம்பெனி ஒரு தெருவில் பறக்கும், அடுத்த தெருவில் நொண்டும்.

நங்கநல்லூர் மாமி: சேரும்போது அன்லிமிடெட்னுதான் சொன்னா. 22-ஆம் தேதியே ஸ்லோவாயிடறது. போன் பண்ணிக் கேட்டா லிமிட் தாண்டிடுத்துங்கறா. அன்லிமிடெட்டுக்கு ஏதுப்பா லிமிட்?

மாமி, நியாயமான கேள்வி. அவர்கள் அன்லிமிடெட் என்று சொல்வது, நெட் நிற்காது என்ற அர்த்தத்தில். வேகம் குறையாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எஃப்யூபி (மாதம் இவ்வளவுதான் முழு வேகம் என்ற வரம்பு) என்று பிளான் விவரத்தில் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். பெரிய கம்பெனிகளின் வீட்டு ஃபைபர் பிளான்களில் இது பெரும்பாலும் மாதம் 3300 ஜிபி. விலை குறைந்த சில பிளான்களில் 1000 ஜிபி, அதற்கும் கீழே இருப்பவையும் உண்டு. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். 3300 என்றால் நாளைக்கு 110 ஜிபி. ஒரு வீடு அதைத் தாண்டுகிறது என்றால் வீட்டில் ஏதோ ஒன்று சத்தம் போடாமல் தின்கிறது. 1000 என்றால் நாளைக்கு 33 ஜிபிதான். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தாலே போதும், காலி.

எல்லோரும் லிமிட் எவ்வளவு என்று கேட்கிறார்கள். லிமிட்டைத் தாண்டினால் என்ன வேகம் என்று கேட்பவர் குறைவு. பிளானின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2016 அக்டோபரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட உத்தரவுப்படி லிமிட் எவ்வளவு, தாண்டினால் என்ன வேகம் என்று கம்பெனி தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் 512 கேபிபிஎஸ்ஸுக்கு (சுமார் அரை எம்பிபிஎஸ்) கீழே வேகத்தை இறக்கக் கூடாது. 50, 90, 100 சதவீதம் தொடும்போதெல்லாம் எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ அனுப்ப வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை என்றால், கனெக்‌ஷன் யார் நம்பரில் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது வெளியூரில் இருக்கும் பிள்ளையின் பழைய நம்பராக இருக்கும்.

512-இல் வாட்ஸ்அப் மெசேஜ் ஓடும், டிவியில் படம் ஓடாது. அதே லிமிட், ஆனால் தாண்டியபின் 4 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்றால் சாதாரணத் தரத்தில் சீரியல் நிம்மதியாக ஓடும். விலையில் 50 ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ராத்திரி ஆந்தை, பெருங்குடி: ஒரு மணி நேரம் படம் பார்த்தா எத்தனை ஜிபி போகும்? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க.

கணக்கு போடும் வழியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரையும் கேட்க வேண்டாம். படம் ஓடும் வேகத்தை, அதாவது எம்பிபிஎஸ்ஸை, 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று வரும். 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் எச்டி படம் மணிக்கு இரண்டே கால் ஜிபி. 15-இல் ஓடும் 4கே ஏழு ஜிபியை நெருங்கும். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்: எச்டி என்றால் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 வரை, மீடியம் வைத்தால் 0.7 மட்டும்.

இது மேல்வரம்பு. திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்து நிறைய மாறும். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், முந்தைய காட்சியில் இருந்து எது மாறியதோ அதை மட்டும்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. யூடியூபில் ஒரே பெருமாள் படத்தை வைத்துக்கொண்டு சுப்ரபாதம் ஓடுகிறதே, அதில் மாற்றமே இல்லை. காலையிலிருந்து ஓடினாலும் பெரிதாகச் செலவாகாது. பாட்டியைத் திட்டாதீர்கள். கிரிக்கெட் அப்படி இல்லை. புல், கூட்டம், பந்தைத் துரத்தும் கேமரா என்று ஒவ்வொரு நொடியும் முழுப் படமும் மாறுகிறது. அது வாங்குகிற அளவுக்கு வாங்கிவிடும்.

மஞ்சள் ஜெர்சி, சேப்பாக்கம்: சிஎஸ்கே மேட்ச் அன்னைக்கு மட்டும் படம் மங்கலாகுது. லிமிட்ல பாதி கூட ஆகலை அண்ணா.

தம்பி, இது லிமிட் சமாச்சாரமே இல்லை, நெரிசல். 2023 ஐபிஎல் ஃபைனலை ஜியோசினிமாவில் ஒரே நேரத்தில் 3.2 கோடி பேர் பார்த்தார்கள். அதே வருஷம் உலகக் கோப்பை ஃபைனலுக்கு ஹாட்ஸ்டாரில் 5.9 கோடி. வழியில் எங்கே இறுக்கம் வந்தாலும் ஆப் தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் நிற்பதைவிட மங்குவது மேல் என்று அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இறுக்கம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற ஃபைபர் முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒரு இழையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் கீழிறங்கும். அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறார்கள். 64 வீடும் 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தால் மொத்தம் 6400 தேவை, இருப்பது 2500. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தொழிலே ஓடுகிறது. மேட்ச் ராத்திரி அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். கம்பெனிக்கு உண்மையான பாரம் ராத்திரி 8 முதல் 11 வரைதான். விடியற்காலை 3 மணிக்கு நீங்கள் 50 ஜிபி இறக்கினால் அவர்களுக்கு ஒரு செலவும் கூடப்போவதில்லை. பிரபலமான படங்களும் வீடியோக்களும் கடல் தாண்டி வருவதும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ், கூகுள் எல்லாம் இன்டர்நெட் கம்பெனிகளின் இடத்திலேயே தங்கள் சர்வர்களை வைத்துப் பிரதி எடுத்துப் போட்டிருக்கின்றன. ஆனாலும் மாசக் கணக்கில் 3 மணியும் 9 மணியும் ஒன்றுதான். நெரிசலைக் குறைக்கத்தான் லிமிட் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். பெரிய பிளானுக்குத் தள்ளுவதற்கும், வீட்டு லைனை எடுத்துக் கடைக்கும் ஹாஸ்டலுக்கும் விடுகிறவர்களைப் பிடிப்பதற்கும்தான் அது உதவுகிறது.

கொளத்தூர் கடைக்காரர்: கீழே கடை, மேலே வீடு. 3300 ஜிபி பிளான். நாங்க டிவி பார்க்கிறதே ராத்திரி ஒரு மணி நேரம். ஆனா 25 தேதிக்குள்ள 90 பர்சென்ட் மெசேஜ் வந்துடுது. யாராவது வைஃபை திருடுறாங்களா?

திருட்டு இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: கேமரா எத்தனை?

(பதில் வந்தது: நாலு கேமரா. கடைக்குள் இரண்டு, வாசல் ஒன்று, மாடிப்படி ஒன்று. எல்லாம் வைஃபை கேமரா. ரெக்கார்டிங் கிளவுடில் (நெட் வழியே வெளி சர்வரில்), 24 மணி நேரமும்.)

நினைத்தேன். 1080 தரத்தில் ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் அனுப்பிக்கொண்டே இருந்தால் நாளைக்கு 21.6 ஜிபி. மாதம் 650-ஐத் தொடும். நாலு கேமராவுக்கு 2600. உங்கள் 3300-இல் வீட்டுக்கு மிச்சம் 700-தான். திருடனைப் பிடிக்க வைத்த கேமராவே திருடுகிறது.

டேட்டா லிமிட் என்றால் இறக்குவது மட்டும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிளான்களில் ஏற்றுவதும் சேர்த்துதான் கணக்கு. கம்பெனி ஆப்பில் தினசரி உபயோகத்தைத் திறந்து, அப்லோடு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். டிவி, மொபைல் மட்டும் ஓடுகிற வீட்டில் அது டவுன்லோடில் சின்னப் பங்குதான் இருக்கும். அப்லோடு டவுன்லோடை மிஞ்சினால் கேமரா, இல்லையென்றால் மொபைல் பேக்கப். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை. மெமரி கார்டிலோ, கடைக்குள் ஒரு ரெக்கார்டர் பெட்டி வைத்து அதிலோ பதிவு செய்யுங்கள். அது வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே முடிந்துவிடும், லைனில் ஒரு ஜிபிகூடப் போகாது. வெளியிலிருந்து மொபைலில் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் டேட்டா ஆகும். கிளவுட் வேண்டும்தான் என்றால், அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று மாற்றுங்கள். அதிலும் வாசல் கேமராவில் தெருப் பக்கத்தை மறைத்து, உங்கள் ஷட்டரும் படியும் மட்டும் தெரிகிற மாதிரி கட்டம் போடுங்கள். இல்லையென்றால் ஆட்டோ, நாய், முருங்கைக் கிளை எல்லாமே அசைவுதான். ரெக்கார்டர் பெட்டி கொள்ளை போனால் பதிவும் சேர்ந்து போகும், அதனால் வாசல் கேமரா ஒன்றை மட்டும் கிளவுடில் விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். கடைக்கு வந்த எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

கல்யாண வீடு, பெரம்பூர்: 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினா லிமிட் பிரச்சனை தீருமா?

தீராது. பல கம்பெனிகளில் 100-க்கும் 300-க்கும் லிமிட் ஒன்றே. சம்ப் அதே அளவு, மோட்டாரை மட்டும் பெரிதாக்குகிறீர்கள், சீக்கிரம் காலியாகும். 100 எம்பிபிஎஸ் லைனே முழு வேகத்தில் ஓடினால் 3300 ஜிபியை மூன்றே நாளில் முடித்துவிடும்.

பெயரைப் பார்த்துக் கேட்கிறேன்: கல்யாண வீடியோவை மொபைலில் எடுத்தீர்களா? ஐபோனில் 4கே 60 ஃபிரேம் வைத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி. அரை மணி நேரத்துக்கு 12 ஜிபி. அதை நாலு பேர் பேக்கப் செய்து, எட்டு பேர் இறக்கியிருப்பார்கள்.

ஓஎம்ஆர்வாசி: எங்க அப்பார்ட்மெண்ட்ல ஃபைபர் இழுக்க அசோசியேஷன் விடலை. மொட்டை மாடியில ஆன்டெனா வைக்கிற 5ஜி கனெக்‌ஷன் வாங்கலாமா?

வேறு வழியில்லை என்றால் வாங்குங்கள். இதில் லிமிட் பொதுவாக 1000 ஜிபி, ஃபைபரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு டிவியில் தினம் நாலரை மணி நேரம் 4கே ஓடினாலே கிட்டத்தட்ட முடிந்தது. வீட்டில் இரண்டு பேர் வீடியோ மீட்டிங் போட்டால் அதற்கும் மணிக்கு ஒரு ஜிபி சுற்றுவட்டாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷனிடம் சண்டை போடுவதை விட்டுவிடாதீர்கள்.

புது டிவி, அம்பத்தூர்: 43 இன்ச் 4கே டிவி வாங்கப்போறேன். டேட்டா எகிறிடுமோ?

எட்டடி தள்ளி உட்கார்ந்து 43 இன்ச்சில் 4கே-க்கும் நல்ல எச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் அபூர்வம். டிவி 4கே ஆக இருக்கட்டும், ஓடுவது எச்டியாக இருக்கட்டும். நெட்ஃபிளிக்ஸில் டேட்டா அளவை அக்கவுண்டுக்குள் போய் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். அப்பாவுடையதை மாற்றிவிட்டுக் குழந்தையுடையதை மறந்தால் பிரயோஜனமில்லை.

வாங்கும்போது ஏவி1 டிகோடிங் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். 2018-இல் வந்த சுருக்கும் முறை அது. பழைய எச்.264-ஐ விடக் குறைந்த டேட்டாவில் அதே தரப் படம் தரும். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் பயன்படுத்துகின்றன. கடைக்காரர் முழித்தால் மாடல் நம்பரை எழுதிக்கொண்டு வந்து வீட்டில் தேடுங்கள்.

மகளுக்காக, தாம்பரம்: அட்லாண்டாவில் இருக்கிற பொண்ணு, லிமிட் தாண்டினா எக்ஸ்ட்ரா பில் வருதுன்னு சொல்றா. இங்கேயும் அப்படி வருமா?

அங்கே காம்காஸ்ட் என்ற இன்டர்நெட் கம்பெனியின் பல பிளான்களில் 1.2 டிபி (சுமார் 1200 ஜிபி) லிமிட். தாண்டினால் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், மாதம் 100 டாலர் வரை. 2025-இல் லிமிட் இல்லாத புதுப் பிளான்களும் கொண்டுவந்தார்கள், பழைய பிளானில் இருந்தால் மாறச் சொல்லுங்கள். நம் ஊர் வீட்டு பிராட்பேண்டில் பொதுவாக வேகத்தைத்தான் குறைப்பார்கள், பில் ஏறாது. நீங்களாக டாப்-அப் வாங்கினால்தான் செலவு.

கடுப்பில் இருப்பவன், மடிப்பாக்கம்: லிமிட் பாதிகூட ஆகலை, ஆனாலும் ஸ்லோ. கஸ்டமர் கேர்ல ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு ஒரே பாட்டு. யார்கிட்ட போறது?

புகாருக்கு முன் ஒரு லேப்டாப்பை ரௌட்டரில் கேபிளால் செருகி வேகம் பாருங்கள். வைஃபையில் அளந்தால் அவர்கள் சுவரைக் காரணம் காட்டுவார்கள். சாதாரண ஸ்பீட் டெஸ்ட் ஒன்று, ஃபாஸ்ட்.காம் ஒன்று. இரண்டாவது நெட்ஃபிளிக்ஸ் சர்வரிலிருந்தே அளப்பது. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால், லைன் சரி, கம்பெனி அந்தப் பக்கம் போகும் பாதையில் கஞ்சத்தனம் செய்கிறது என்று சந்தேகப்படலாம். காலை 7 மணிக்கு ஒன்று, ராத்திரி 9 மணிக்கு ஒன்று என்று ஒரு வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகார் கொடுத்தால் டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அந்த நம்பரைப் போட்டு எழுதுங்கள், கம்பெனிகள் அதை வைத்திருக்க வேண்டும் என்பது 2012 விதி. டிராய்க்கு எழுதிக் காத்திருக்காதீர்கள், தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். டெலிகாம் தகராறுக்கு அங்கே போக முடியாது என்று கம்பெனிகள் வெகுகாலம் வாதாடின. போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதுவரை ஒரு வருஷ பிளானை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். மடிப்பாக்கம் மாதிரி மழைக்குத் தண்ணீர் நிற்கிற ஏரியாவில் மாசாமாசம் கட்டுவதே நல்லது. டிஸ்கவுண்ட் போனால் போகட்டும்.