ஞாயிறு நடந்து பாருங்கள், செவ்வாய் ஆடுங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். அங்கிருந்த ஒன்பது குழித் திடலில்தான் கோல்ஃப் பழகினேன். ஜூனில் எடின்பரோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் திடலான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் என்னைப் போன்றவரை விடுவார்களா? மனைவி ஆடமாட்டார்.

பதில்: தாராளமாக விடுவார்கள், ஐயா. அந்தக் காலத்துத் துரைமார் கிளப்பை நினைத்துத் தயங்காதீர்கள். ஓல்டு கோர்ஸ் ஊர்ப் பொது நிலம். 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், அப்புறம் பஸ். பெரிய போட்டி இல்லாத ஞாயிறுகளில் ஆட்டம் கிடையாது. நாயும் குழந்தைகளுமாக ஊரே புல்லில் நடக்கும். வீட்டு அம்மாவோடு, திடலுக்குள்ளேயே இருக்கும் ஸ்வில்கன் கல் பாலத்தில் நிதானமாக நின்று படம் எடுக்கலாம். ஆடப் போகிறவருக்கு இந்த நடை பெரிய உதவி. பெரும்பாலான கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரைகள், இரண்டு குழிகளுக்குப் பொது. இரண்டாவதும் பதினாறாவதும் ஒன்று, மூன்றாவதும் பதினைந்தாவதும் ஒன்று. எண்களைக் கூட்டினால் 18 வரும். போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு. இதை நேரில் பார்த்துவிட்டால் ஆடும் நாளில் குழம்பமாட்டீர்கள்.

சரி, இடம் பிடிப்பது எப்படி? ஆடும் நேரத்தைத் தினமும் குலுக்கல் போட்டுத் தருகிறார்கள்; அதற்கு இரண்டு பேராவது வேண்டும். நீங்கள் தனி ஆள் என்பதால், தனியாக வருவோருக்கான குலுக்கலில் முந்தின நாளே நேரில் போய்ப் பெயர் கொடுங்கள். ஞாயிறு நடந்து, திங்கள் பதிந்து, செவ்வாய் ஆடுவதாகத் திட்டமிடுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே 1895இல் திறந்த நியூ கோர்ஸ் இருக்கிறது. அதுவும் அருமையான திடல்தான். ஓல்டு கோர்ஸில் ஆட உங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 36க்குள் இருக்க வேண்டும். சான்றை உங்கள் கிளப்பில் இப்போதே வாங்கி வையுங்கள்.

நம்மூர்ப் புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அங்கே மணல் தரை, மெல்லிய புல். விழுந்த பிறகுதான் பந்து ஓடவே ஆரம்பிக்கும். அதனால் தூக்கி அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். கடல் காற்றுக்குக் கீழே தாழ்வாக உருட்டுங்கள். கிரீனுக்கு வெளியே இருந்தும் தைரியமாகப் பந்தை உருட்டும் குச்சியான பட்டரை எடுங்கள். முதல் பாதியில் வலப்பக்கம் முள்புதர், ஆகவே இடது பக்கமே குறி வையுங்கள். பதினேழாவதில் பந்து தார் ரோட்டில் விழுந்தாலும் அங்கிருந்தே அடிக்க வேண்டும், சலுகை இல்லை. குச்சிப் பையைச் சுமந்து வழி சொல்லும் கேடியை அமர்த்திக்கொள்ளுங்கள், அந்தச் செலவில் மட்டும் கை சுருக்க வேண்டாம். பக்கி வண்டியை நம்பாதீர்கள், முழுக்க நடைதான்.

ஜூனிலும் குளிரும், மழைச்சட்டை அவசியம். விசா வேண்டாம், ஆனால் பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதியைக் கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.

அம்மாவை வேடிக்கை பார்க்க மட்டும் விடாதீர்கள். ஓரத்திலேயே ஹிமாலயாஸ் என்ற மேடு பள்ளமான பட்டிங் திடல் இருக்கிறது. 1867இல் பெண்கள் தொடங்கிய கிளப்புடையது. கொஞ்சம் காசுக்கு யாரும் ஆடலாம். கோல்ஃப் குச்சியைத் தொடாதவருக்கும் அங்கே நேரம் போவதே தெரியாது.